கொல்லிமலை ஒன்றியத்தின் உணவு நிலவரம்: எதை எடை போடுவது, எங்கே நின்று எண்ணுவது?

#1 மேட்டுக்கொல்லை

வணக்கம். கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஓர் உணவு நிலவரக் கணக்கு எடுக்க வேண்டும். மலையில் என்ன விளைகிறது, எது கீழே இறங்குகிறது, எது மேலே ஏறுகிறது, கடைசியில் வீட்டுத் தட்டில் என்ன விழுகிறது என்ற நான்கையும் ஒரே கணக்கில் கொண்டுவரச் சொல்லி மகளிர் குழுக்கள் கேட்கின்றன. வேலைக்கு 8 பேர். வைகாசிக் கடைசியில் தொடங்கி, அக்டோபர் 2 கிராம சபைக்குள் முடிக்க வேண்டும்.

இப்போதைக்கு இருக்கும் திட்டம்: பயிர்ப் பரப்பை அலுவலகத்தில் வாங்குவது, 300 வீட்டில் 60 கேள்வி கேட்பது, கடைகளையும் சந்தைகளையும் வரைபடத்தில் குறிப்பது. இதில் எது வீண், எது விடுபட்டது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவி.

#2 தராசு

60 கேள்வியை முதலில் 20க்குள் கொண்டு வாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்தே சலித்துப் போவார்கள். கடைசி 20 கேள்விக்கு வரும் பதிலெல்லாம் "ஆமா, இருக்கும்" என்றுதான் இருக்கும்.

உங்கள் மலைக்கு ஒரு வசதி உண்டு. சமவெளி ஒன்றியத்தில் எல்லை எங்கே என்றே சொல்ல முடியாது, பத்து ரோடு உள்ளே வரும். கொல்லிமலைக்கு வண்டி ஏறுவது முக்கியமாக இரண்டு வழி: 70 கொண்டை ஊசி வளைவுள்ள காரவள்ளிப் பாதையும், முள்ளுக்குறிச்சிப் பக்கச் சாலையும். புளியஞ்சோலைப் பக்கம் இறங்குவது நடைபாதை, அங்கே தலைச்சுமைதான். ஆகவே இரண்டு அடிவாரத்திலும் ஆள் உட்கார்ந்தால் மலையின் உணவு வரவும் செலவும் ஏறக்குறைய முழுதாகக் கைக்குள் வந்துவிடும். 300 வீட்டுக் கணக்கெடுப்பு தராத விஷயம் இது.

எண்ணும் முறை:

ஒரு தடவைக்கு தொடர்ந்து 7 நாள், காலை 4 மணியிலிருந்து இரவு 9 வரை, இடத்துக்கு 2 பேர் முறை வைத்து. சந்தை நாள், சந்தை இல்லாத நாள் இரண்டும் அந்த 7க்குள் வந்துவிடும். தாளில் 6 கட்டம் போதும்: நேரம், ஏற்றமா இறக்கமா, வண்டி வகை, சரக்கு, எண்ணிக்கை (மூட்டை, வாழைத்தார், கிரேடுப் பெட்டி), போகும் ஊர். எடையை அங்கே கேட்கவேண்டாம். யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதி, எடையை நீங்கள் தனியாகப் பிடியுங்கள். சோளக்காடு சந்தையில் 30 வாழைத்தார், 30 பலா, 20 அன்னாசி மூட்டை எடை போட்டால் சராசரி கிடைத்துவிடும். சின்னத் தார், பெரிய தார் கலந்து எடுக்கவேண்டும். வியாபாரி எடுத்துக் கொடுப்பதை மட்டும் போட்டால் சராசரி ஏறிவிடும்.

மூட்டை என்றாலும் ஏமாறவேண்டாம். ரேஷன் அரிசி 50 கிலோ சாக்கு. கடை அரிசியில் 25 கிலோவும் உண்டு, 26 கிலோவும் உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பொட்டலத்துக்கு 5% ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 26 கிலோ மூட்டை பரவலாகிவிட்டது.

தவிர்க்கவேண்டிய வாரம்: ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா. அந்த வாரம் ஏறும் சரக்கில் பாதி வெளியூர்க்காரர் வயிற்றுக்குப் போகிறது. சனி, ஞாயிறில் ஆகாய கங்கை அருவி பார்க்க வருபவர்களுக்கான சரக்கும் சேரும். ஓட்டல், விடுதிக்குப் போவதைப் "போகும் ஊர்" கட்டத்திலேயே தனிக் குறியிட்டுப் பிரித்துவிடுங்கள்.

#3 அடங்கல்

அலுவலகப் பயிர்ப் பரப்பை வாங்குங்கள், ஆனால் அதை அடித்தளமாக வைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கல் பசலி ஆண்டுப்படி ஓடும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. உங்கள் கணக்கு வைகாசியில் தொடங்குகிறது. இரண்டு பசலியை ஒட்டினால்தான் ஒரு சாகுபடி வருடம் முழுதாகும்.

மலையில் அடங்கல் தவறும் இடங்கள் மூன்று. கலப்புப் பயிரில் முதன்மைப் பயிரின் பெயர் மட்டும் ஏறும். சாமைக்குள் போட்ட துவரை, கேழ்வரகுக்குள் போட்ட அவரை, கடுகு எதுவும் வராது. பருப்பு எங்கேயும் விளையவில்லை என்று கணக்கு சொல்லும், வீட்டில் பானை நிறையத் துவரை இருக்கும். இரண்டாவது, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகும் அடியில் உள்ள காப்பியும் ஒரே நிலத்தில் இரண்டு தடவை எழுதப்படும், அல்லது ஒரு தடவைகூட எழுதப்படாது. மூன்றாவது, பட்டா இல்லாத சாகுபடி.

சரிபார்க்க ஒரு வழி. ஊராட்சிக்கு 2 பட்டி (குக்கிராமம்) தேர்ந்தெடுங்கள், பாதையோரம் ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று. ஒவ்வொன்றிலும் 10 புல எண்ணை அடங்கலோடு நேரில் ஒப்பிட்டால் மொத்தம் 280 புலம். எந்தப் பயிருக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று விகிதம் கிடைக்கும். அந்த விகிதத்தால் ஒன்றியக் கணக்கைத் திருத்துங்கள்.

விளைச்சலுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து எடை போடுவது பழகிய முறை. அந்த 25 சதுர மீட்டரில் கிடைத்த கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. கட்டத்தின் மூலையை நல்ல கதிர் நிற்கும் இடமாகப் பார்த்து நடக்கூடாது. வரப்பிலிருந்து எத்தனை அடி என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். கலப்புப் பயிரென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போடவேண்டும். துவரை அறுவடை பிந்தி வரும், அக்டோபருக்குள் முடியாது. அதை வீட்டுக் கேள்வியில்தான் பிடிக்க முடியும்.

#4 மேட்டுக்கொல்லை

இருவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. பெரியவர்கள் வள்ளம், படி என்ற முகத்தல் அளவில்தான் விளைச்சலைச் சொல்கிறார்கள், அதைக் கிலோவாக்குவது எப்படி? இன்னொன்று, கணக்கின் முடிவில் "இந்த மலை தன் உணவில் இத்தனை சதவீதத்தைத் தானே விளைவித்துக்கொள்கிறது" என்று ஒரே எண்ணாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

#5 தராசு

வள்ளத்துக்குப் பொது விகிதம் தேடவேண்டாம், ஊருக்கு ஊர் மாறும். அந்த வீட்டு வள்ளத்திலேயே அந்த வீட்டுத் தானியத்தை மூன்று தடவை அளந்து எடை போடுங்கள். தலைதட்டியா, கோபுரமாகவா என்று எழுதிக்கொள்ளுங்கள். உமியோடு உள்ள சாமையும் சாமை அரிசியும் ஒரே படியில் ஒரே எடை நிற்காது. எதைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் எழுதினால் அந்த வரியை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரே சதவீதம் கொடுக்காதீர்கள். வாழையும் பலாவும் டன் கணக்கில் இறங்குகிற மலை. எடையில் கூட்டினால் நூற்றுக்கு மேல் போய் நிற்கும், ஆனால் மலை வீடுகளில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் கடையை நம்பித்தான் இருப்பார்கள். தானியம், பருப்பு, எண்ணெய், காய், கீரை, பழம், பால், முட்டை, இறைச்சி என்று வகைக்கு ஒரு வரி போட்டுக் கொடுங்கள்.

#6 சல்லடை

எல்லோரும் விளைச்சலையும் வண்டியையும் பேசுகிறீர்கள். கொல்லிமலையில் முதலில் அளக்கவேண்டியது உமி நீக்கும் மெஷின்தான் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

சாமை, தினை, பனிவரகுக்கு உமி உண்டு, அதை உரித்தால்தான் சோறு. கேழ்வரகை மட்டும் நேரே மாவு மில்லில் கொட்டலாம். கேழ்வரகு இன்னும் பல அடுப்புகளில் களியாக நிற்பதற்கும் சாமைச் சோறு விசேஷத்துக்கு ஒதுங்கியதற்கும் இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம். ரேஷன் அரிசி வந்தது, குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளி) சேகோ (ஜவ்வரிசி) ஆலைப் பணம் வந்தது, உரலில் குத்தும் பாடு பெண்கள் தலையிலேயே நின்றது. மூன்றும் சேர்ந்துதான் கொல்லையில் சாமையைத் தள்ளிவிட்டுக் குச்சிக்கிழங்கை நட்டன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலையில் வேலை செய்தபோது விதை வங்கியோடு சின்ன மெஷின்களையும் சேர்த்து வைத்தது இதனால்தான். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை என்று விதையை மட்டும் காப்பாற்றி வைத்தால் யாரும் விதைக்க மாட்டார்கள், உரித்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஆகவே மலையில் உள்ள ஒவ்வொரு மெஷினிலும், ஓடுவது ஓடாதது இரண்டிலும், இதைச் செய்யுங்கள்:

10 கிலோ சுத்தமான, காய்ந்த சாமையைக் கையில் கொண்டுபோங்கள். ஓட்டியபின் அரிசி, குருணை, உமித் தவிடு, உரியாத தானியம் நான்கையும் தனித்தனியாக எடை போடுங்கள். அரிசி 6 முதல் 6.5 கிலோ வந்தால் நன்றாக ஓடுகிறது. 5க்குக் கீழே வந்தால் நான்கு காரணத்தில் ஒன்று இருக்கும்: தானியம் காயவில்லை, பொடியும் பருமனும் சலித்துப் பிரிக்காமல் சேர்ந்தே போகிறது, சுழல் வேகம் அதிகமாகிக் குருணையாகிறது, அல்லது உரிக்கும் பகுதி தேய்ந்து ஒரே தானியம் இரண்டு மூன்று தடவை போகிறது. நான்கு எடையையும் கூட்டினால் 10க்குப் பக்கத்தில் வரவேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் மெஷினுக்குள் நிற்கிறது, அடுத்தவர் தானியத்தில் கலக்கும். கூடுதலாக வந்தால் முன்னால் வந்தவருடையது உங்கள் பையில். விதைக்காகத் தனி ரகம் வைத்திருப்பவர்கள் மெஷின் பக்கமே வராததற்கு இந்தக் கலப்பும் காரணம். கேட்டுப் பாருங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள்: குறைந்தபட்சம் எத்தனை கிலோ இருந்தால் ஓட்டுவார்கள்? வீட்டுக்காரம்மா கொண்டுவருவது 5 கிலோ, மெஷின் கேட்பது 20 கிலோ என்றால் அந்த மெஷின் அவருக்கு இல்லாததற்குச் சமம். கொடுத்த அன்றே கிடைக்குமா, எத்தனை நாள் காத்திருக்கவேண்டும்? கல் நீக்கும் சல்லடை உண்டா? கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள் நின்றது, மும்முனை மின்சாரம் இல்லாமலா, பெல்ட் அறுந்தா, ஓட்ட ஆள் இல்லாமலா?

பிறகு தூரம். 10 கிலோவைச் சுமந்து போய் வர அரை நாள் போகிறது, அரை நாள் கூலி 200 ரூபாய் என்று வைத்தால், கிடைக்கும் 6 கிலோ அரிசியில் கிலோவுக்கு 33 ரூபாய் நடையிலேயே போய்விட்டது. ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் ஊரில் இந்த 33 ரூபாயை யார் கொடுப்பார்கள்?

ஒரு தடவையில் மூட்டையாக உரித்து வைத்துக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். முடியாது. உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. உரித்த அரிசியில் தவிட்டு எண்ணெய் சில வாரங்களிலேயே சிக்கெடுக்க ஆரம்பிக்கும், வண்டும் விழும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பக்கத்திலேயே உரிக்கவேண்டிய தானியம் இது. உங்கள் வரைபடத்தில் கடை, சந்தைக்கு முன்னால் மெஷினைக் குறியுங்கள், அதிலிருந்து நடந்து போய் வரக்கூடிய பட்டிகளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு வெளியே எத்தனை பட்டி நிற்கிறது என்பது கிராம சபையில் எல்லோருக்கும் உடனே புரியும்.

#7 ஐந்துக்குப்பத்து

தட்டுக் கணக்குக்கு நான் சொல்கிறேன். 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை சாப்பிட்டது அனைத்தையும் கேட்டு, 10 உணவுக்குழுவில் எத்தனை வந்தது என்று பார்க்கும் அளவுகோலை எடுங்கள். 5 குழுவாவது தொட்டவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் முடிவு. இது கூட்டத்தின் கணக்கு. தனியொரு பெண்ணுக்கு மதிப்பெண் போடவோ "உங்களுக்குச் சத்துக் குறைவு" என்று சொல்லவோ பயன்படுத்தக்கூடாது.

மலையில் தவறு நடக்கும் இடங்கள்:

அரிசியும் குச்சிக்கிழங்கும் கேழ்வரகும் ஒரே குழு. காலையில் களி, மதியம் சோறு, மாலையில் வேகவைத்த கிழங்கு என்றால் ஒன்றுதான். டீயில் ஊற்றிய பால் பால் குழுவில் சேராது. ஒரு பொருள் 15 கிராமுக்குக் கீழே என்றால் அந்தக் குழுவைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சாம்பாரில் பருப்பு இருந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். எத்தனை பேருக்கு எத்தனை கைப்பிடி போட்டீர்கள் என்று கேளுங்கள், அதே பருப்பை எடை போட்டுப் பாருங்கள். பழுத்த பப்பாளி, மாம்பழம், உள்ளே மஞ்சளான பூசணி ஒரு குழு. பலாச்சுளை மஞ்சளாக இருக்கிறதே என்று அதில் போடாதீர்கள், அது வாழையோடு "மற்ற பழங்கள்". முருங்கைக் கீரை கீரைக் குழு, முருங்கைக்காய் மற்ற காய்.

எல்லா வீட்டையும் சந்தைக்கு மறுநாளே கேட்கக்கூடாது. அமாவாசை, கோயில் பண்டிகை, கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை, இவற்றுக்கு மறுநாளில் வீடுகளைக் குவித்தாலும் கணக்கு சாயும். வாரத்தின் 7 நாளுக்கும் வீடுகளைப் பரவலாகப் பிரியுங்கள்.

எத்தனை வீடு: 95% நம்பகத்துக்கு, 10 புள்ளி கூட்டல் கழித்தல் போதுமென்றால் 96. பட்டியாகத் திரட்டி எடுப்பதால் இரட்டிப்பாக்கி 192. ஆள் இல்லாத வீட்டுக்கு 10% சேர்த்தால் 213க்குப் பக்கம். 14 ஊராட்சிக்கு 15 வீடு வீதம் 210 போதும். 300 தேவையில்லை, மிச்சமாகும் ஆளை அடிவாரத்தில் உட்கார வையுங்கள். ஆனால் இந்த 210 ஒன்றியம் முழுமைக்கும் சேர்த்துச் சொல்லத்தான் ஆகும். வளப்பூர் நாடு 40%, குண்டூர் நாடு 60% என்று 15 வீட்டை வைத்து ஊராட்சிகளை ஒப்பிட்டுப் பலகையில் போட்டுவிடாதீர்கள்.

பஞ்சமான மாதத்தைக் கேட்க 8 கேள்வி கொண்ட உணவுப் பற்றாக்குறை அட்டவணை உண்டு. சாப்பாடு போதுமா என்ற கவலையிலிருந்து ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தது வரை போகும். "கடந்த 12 மாதம்" என்று கேட்காமல் "கடந்த 30 நாள்" என்று கேளுங்கள், இரண்டு தடவை. மலையில் ஆனி, ஆடிதான் கை வறண்ட காலம். விதைப்புச் செலவு முடிந்திருக்கும், பள்ளிக்கூடம் திறந்திருக்கும், அறுவடை வந்திருக்காது. தை, மாசியில் கிழங்குப் பணம் கையில் புரளும்போது கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே வரும். அக்டோபருக்குள் ஒரு சுற்றுதான் முடியுமென்றால் ஆடியில் எடுங்கள், எந்த மாதத்தில் எடுத்தது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

#8 புள்ளிவிலை

உணவுக் கணக்கில் குச்சிக்கிழங்கை உணவாக எழுதுவதோடு விட்டால் பாதிதான். மலையில் அது பெரும்பாலும் பணப்பயிர். சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் மாவுச்சத்தைப் பாயிண்டாகப் பார்த்து விலை போடுகின்றன. டன் விலை என்பது பாயிண்ட், பாயிண்ட் விலை இரண்டையும் பெருக்கியது. 28 பாயிண்ட் உள்ள கிழங்கு 24க்கு இறங்கினால் விலையில் ஏழில் ஒரு பங்கு போச்சு. பாயிண்ட் விலை மாறவே வேண்டாம்.

பாயிண்ட் எங்கே விழுகிறது என்பதை அளவெடுங்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். மழையில் பாதையில் மண் சரிந்தாலோ லாரி கிடைக்காமல் போனாலோ குவியல் கொல்லையிலேயே கிடக்கும். பிடுங்கிய நேரம், ஏற்றிய நேரம், ஆலையில் எடை போட்ட நேரம் மூன்றையும் 20 லோடுக்கு எழுதுங்கள். பிறகு ரசீது: பாயிண்ட், மண்ணுக்குக் கழித்தது, ஏற்று கூலி, வாடகை, கமிஷன், முன்பணத்துக்குப் பிடித்தது. முன்பணம் வாங்கியவர் வேறு வியாபாரிக்கு விற்க முடியாது, அதனால் விலை கேட்கும் பேச்சே அங்கே கிடையாது. 2020க்குப் பின் பரவிய மாவுப்பூச்சியும் பழைய தேமல் நோயும் எத்தனை ஏக்கரில் என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் நின்ற தொகையை அப்படியே அறிக்கையில் போடாமல், அந்த வார மலைக்கடை விலையில் எத்தனை கிலோ துவரம்பருப்பு, எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை முட்டை வாங்கலாம் என்று மாற்றிப் போடுங்கள். ஒரு ஏக்கர் கிழங்குக்கும் ஒரு ஏக்கர் சாமை, துவரைக் கலப்புக்கும் இந்த மூன்று எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது நல்லது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். கிழங்கை விடச் சொல்லி நாம் உபதேசம் பண்ணவேண்டியதில்லை. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

#9 சல்லடை

#8 சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. ஏக்கருக்கு ஏக்கர் ஒப்பிடும்போது வேலை நாளையும் போடவேண்டும், யாருடைய வேலை என்றும் போடவேண்டும். கிழங்கு ஏற்றுவதற்குக் கூலி ரசீதில் இருக்கிறது. சாமை குத்துவது, புடைப்பது, மெஷினுக்குச் சுமப்பது எந்த ரசீதிலும் இல்லை. அதை 0 என்று வைத்து சாமைதான் லாபம் என்று காட்டினால், பெண்களின் உழைப்பை இனாமாக எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

#10 புள்ளிவிலை

சரிதான். பெண் வேலை நாள், ஆண் வேலை நாள் என்று இரண்டு கட்டம் சேர்த்துவிடலாம்.

#11 ஐந்துக்குப்பத்து

ரேஷனைப் பற்றி யாரும் எண் சொல்லவில்லை. தட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 5 பேர் உள்ள பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்ப) அட்டைக்கு மாதம் 25 கிலோ அரிசி, ஆளுக்கு நாளைக்கு 167 கிராம். ஏஏஒய் (அந்தியோதயா, மிக ஏழைக் குடும்ப) அட்டைக்கு ஆள் எத்தனை இருந்தாலும் 35 கிலோ. சிறப்பு விநியோகத்தில் துவரம்பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர். அதே 5 பேருக்குப் பிரித்தால் பருப்பு நாளைக்கு 7 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, எண்ணெய் 6 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் 2000 கலோரித் தட்டுக்குச் சொல்வது பருப்பு 85 கிராம், எண்ணெய் 27 கிராம், காய்கறி 400 கிராம். மலையில் பசி என்று தேடினால் அரிசிப் பானையில் தெரியாது. பருப்பிலும் எண்ணெயிலும் காயிலும்தான் பள்ளம்.

கடைக்கு ஒதுக்கியது, விநியோகித்தது இரண்டையும் 12 மாதத்துக்கு வாங்குங்கள். மலையில் பல கடைகள் லேம்ப் எனும் மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கீழ் இருக்கும், முதலில் அங்கே நேரில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் முத்திரையொட்டி எழுதினால் 30 நாளில் பதில் வரவேண்டும். வைகாசியிலேயே போட்டுவிடுங்கள், புரட்டாசியில் போட்டால் கிராம சபை முடிந்தபின்தான் வரும்.

வீட்டில் கேட்கும்போது "ரேஷன் அரிசியை விற்கிறீர்களா" என்று கேட்கவே கூடாது. "போன மாசம் வாங்கின அரிசி எதெதுக்குப் போச்சு" என்று கேட்டால் சோறு, இட்லி மாவு, கோழிக்கு, மாட்டுக்கு, சொந்தக்காரருக்கு என்று தானாக வரும். விற்றது என்று வந்தால் அதைக் குடும்ப எண்ணோடு சேர்த்து எழுதாதீர்கள். அந்தத் தாள் யார் கைக்கும் போகலாம், அட்டை போய்விடும் என்ற பயம் ஒரு பட்டியில் கிளம்பினால் அடுத்த பட்டியில் கதவு திறக்காது.

#12 அடங்கல்

பள்ளிக்கூடத்தையும் சேருங்கள். மலைக்குள்ளேயே தினமும் நடக்கும் நிச்சயமான கொள்முதல் அதுதான். சத்துணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு மத்திய அளவுப்படி அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய் 50 கிராம். நம் மாநிலத்தில் வாரம் 5 முட்டையும் உண்டு. 1000 குழந்தைக்கு நாளைக்கு 50 கிலோ காய். அந்த 50 கிலோ மலையிலேயே உள்ள செம்மேட்டிலிருந்து வருகிறதா, கீழே நாமக்கல்லிலிருந்து ஏறுகிறதா? பில்லைப் பார்த்தால் தெரியும். உள்ளூர் ஆட்கள் கொடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் விலையாக இருக்காது. பணம் பின்னால் வரும், கடனுக்குக் கொடுக்கக் கடைக்காரரால்தான் முடியும், கீரைக்கட்டு கொண்டுவரும் அம்மாவால் முடியாது. பணம் எத்தனை நாள் கழித்து வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் வாரம் 2 நாளாவது அந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சமைக்க வழி இருக்கிறது. 1000 குழந்தை, ஆளுக்கு 50 கிராம், வாரம் 2 நாள் என்றால் 100 கிலோ சாமை அரிசி. 40 பள்ளி வாரத்துக்கு 4 டன். நூற்றுக்கு 60 கிடைக்குமென்றால் உமியோடு 6.7 டன், ஏக்கருக்கு 300 கிலோ என்று வைத்தாலும் 22 ஏக்கர் சொச்சம்தான். நிலம் ஒரு பொருட்டே இல்லை. வாரா வாரம் 100 கிலோவைக் கல் இல்லாமல், குருணை இல்லாமல் உரித்துக் கொடுக்கும் மெஷின் மலையில் உண்டா என்ற இடத்தில்தான் #6 சொன்னது வந்து நிற்கிறது.

#13 காட்டுவள்ளி

காட்டு உணவை விட்டுவிட்டீர்கள். கொல்லையோரக் கீரைகள், மழைக்காலக் காளான், காட்டு வள்ளிக்கிழங்கு, ஓடை நண்டு. "காட்டிலிருந்து ஏதாவது எடுப்பீர்களா" என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார்கள், சீருடை ஆட்கள் கேட்பது போல ஒலிக்கும். நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் "எங்கிருந்து வந்தது" என்று ஒரு கட்டம் போட்டால் போதும்: கொல்லை, கடை, ரேஷன், காடு, யாரோ கொடுத்தது. வன உரிமைச் சட்டம் 2006 சிறு வனப்பொருள் சேகரிப்பை உரிமையாகவே ஏற்கிறது. ஆனாலும் எடுக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள். வரைபடம் வெளியே போனால் வியாபாரிதான் முதலில் அங்கே போய் நிற்பான்.

முடவாட்டுக்கால் கிழங்கை உள்ளூர் உணவு வரியில் போடும்போது கவனம். பாதையோரம் சூப்பாக விற்பது அநேகமாகச் சுற்றுலாக்காரருக்கு. அது வருமானக் கட்டத்துக்குப் போகவேண்டியது.

#14 மேட்டுக்கொல்லை

மாற்றிய திட்டத்தைப் போடுகிறேன். வைகாசிக் கடைசி வாரம்: ரேஷன், சத்துணவு விவரங்களுக்கு மனு, மெஷின் பட்டியல், 3 நாள் பயிற்சி. ஆனியில் அடிவாரத்தில் 7 நாள். ஆனிக் கடைசியிலிருந்து ஆடி முழுதும், விழா வாரம் நீங்கலாக, 210 வீடு. ஆவணியில் மெஷின் சோதனை, 280 புலம். புரட்டாசி முதல் வாரம் அடிவாரத்தில் மறுபடி 7 நாள். கிழங்கு இறங்கும் தை, மாசியைப் பிடிக்க முடியாது என்பதால் அந்த ரசீதுகளைப் போன வருடத்ததாக வாங்கிக்கொள்கிறோம். சரியா?

#15 தராசு

சரி. ஆனால் ஆவணியில் மெஷின் சோதனைக்குப் புதுச் சாமை கிடைக்காது. பழைய சாமை 150 கிலோ இப்போதே ஒரே வீட்டில், ஒரே ரகமாக வாங்கிக் காயவைத்து மூடி வையுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு வேறு தானியம் கொண்டுபோனால் நீங்கள் அளப்பது மெஷினையா தானியத்தையா என்று தெரியாது.

தராசு இரண்டு வகை வேண்டும்: சமையலறைக்கு 5 கிலோ வரை 1 கிராம் காட்டும் மின்தராசு, சந்தைக்கு 100 கிலோ வரை தொங்கும் தராசு. மலையில் குளிரும் ஈரமும் அதிகம், மின்தராசின் பேட்டரி இறங்கினால் எண் சாயும். ஒவ்வொரு காலையும் உறை பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டைத் தூக்கி வைத்துப் பாருங்கள், நாள் முழுதும் அதே பாக்கெட்தான். முதல் நாள் காட்டிய எண்ணிலிருந்து 10 கிராமுக்கு மேல் விலகினால் அன்றைக்கு அந்தத் தராசை எடுக்காதீர்கள். அந்த எண்ணைத் தாளின் தலைப்பிலேயே தேதியோடு எழுதுங்கள்.

#16 ஐந்துக்குப்பத்து

பயிற்சி 3 நாளில் ஒரு நாளை முழுக்க ஒரு வீட்டு அடுப்பிலேயே வையுங்கள். 8 பேரும் அதே வீட்டு உணவைத் தனித்தனியாகக் கேட்டு எழுதட்டும். பிறகு 8 தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குழுவில் வேறுபாடு வருகிறது என்று பாருங்கள். அநேகமாகப் பருப்பிலும் பாலிலும்தான் வரும். 8 பேரில் 7 பேராவது எல்லாக் குழுவிலும் ஒத்துப்போகும் வரை பட்டிக்கு அனுப்பவேண்டாம்.